வில்லோ கொப்பும் வாவிக்கரை வளவும்

களுவாஞ்சிகுடி வாசகர் ஒருவரின் கேள்வி: "எங்கட வளவுக்குப் பின்னால் வாவி. மாரிக்கு மாரி கரை அரித்துக்கொண்டு போகிறது. கிரிக்கெட் மட்டை செய்யும் வில்லோ மரம் தண்ணீர்க் கரைக்கு நல்லதாம், கொப்பை ஊன்றினாலே வேர் விடுமாம். லண்டனில் இருக்கும் மச்சான் வரும்போது ஒன்று கொண்டு வருவதாகச் சொல்கிறார். இங்கே நடலாமா?"

மச்சான் சொன்னதில் பொய்யில்லை. நம்முடைய பேச்சில் சொன்னால் வில்லோ ஒரு கதியால் மரம், அதாவது வேலிக்கு ஊன்றும் தடி போல, வெட்டிய கொப்பை நட்டாலே வேர் விட்டு வளரும் மரம். கொப்பு மரத்தில் இருக்கும்போதே அதன் பட்டைக்குள் வேர் அரும்புகள் உருவாகி உறங்கிக் கிடக்கும். பென்சில் பருமனில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீர்ப் போத்தலில் வைத்தால், ஒன்றிரண்டு கிழமையில் பட்டையைக் கிழித்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாகப் பருக்கள் கிளம்பும். அவைதான் வேர். பஞ்சு ஒட்டிய அதன் விதையோ பெரும்பாலும் சில நாட்களுக்குள் ஈர மண்ணைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். வெள்ளத்தில் முறிந்து போன கொப்பு ஒதுங்கிய இடத்தில் மரமாகிவிடுவது இந்த வேர் அரும்புகளால்தான்.

மட்டைக்கான வில்லோவையும் இங்கிலாந்தில் இப்படித்தான் நடுகிறார்கள். இலை கொட்டி மரம் உறங்கும் குளிர்காலத்தில், ஆளுயரத்தை மிஞ்சும் தடிகளை வெட்டி மண்ணில் இறக்குவார்கள். மட்டைக்கு வெட்ட 15 முதல் 20 வருடம் வரை ஆகும். வீட்டில் கிரிக்கெட் ஆடும் பிள்ளை இருந்தால், அவருக்கு மட்டையைக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

வேர் விடுவது வேறு, மரமாவது வேறு. இந்த வில்லோ குளிரில் உறங்கி வசந்தத்தில் விழிக்கப் பழகிய மரம். மட்டக்களப்பில் அதற்கு உறக்கமே இல்லை. அதோடு அது நன்னீர் ஆற்றங்கரை மரம். மாரியில் நன்னீர் போல இருக்கும் நம் வாவி, கோடையில் உவர்ந்துவிடும். இன்னொன்று, அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக் கொப்பைப் பையில் போட்டு வருவதை 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. கொப்போடு நோயும் பூச்சியும் வரும். மச்சானிடம் வேறு ஏதாவது கேளுங்கள்.

உங்கள் கரைக்கு என் தெரிவு பூவரசு. உப்பைத் தாங்கும், கதியாலாகவும் வரும். கிளிரிசிடியாவும் வேலிக்கு நல்லதுதான், தழை உரமும் தரும். ஆனால் உவர் மண்ணில் பூவரசுக்கு ஈடாகாது. தண்ணீர் விளிம்பில் கண்டல் நின்றால் அதைத் தொடவே வேண்டாம். கரையைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். பூவரசை அதற்கு மேலே, மேட்டுப் பக்கமாக நடுங்கள்.

பச்சைத் தளிர்க் கொப்பு அழுகிவிடும். மணிக்கட்டுப் பருமனில், முற்றிய கொப்பாக ஐந்தாறு அடிக்கு வெட்டுங்கள். அடியைச் சரிவாகவும் நுனியைத் தட்டையாகவும் வெட்டினால், தலைகீழாக நட்டுவிடும் பிழை வராது. (சிரிக்காதீர்கள், கட்டுக் கட்டாக நடும்போது எல்லோரும் செய்வதுதான்.) நுனி வெட்டில் சாணி அப்பிவிடுங்கள். கதியாலைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் அடிப்பட்டை உரிந்துவிடும், வேர் வர வேண்டிய இடமே அதுதான். முதலில் அலவாங்கால் குழி போட்டு, ஒன்றரை அடி ஆழத்தில் இறக்கி, சுற்றி மண்ணை மிதித்து இறுக்குங்கள். ஐப்பசியில் முதல் மழை மண்ணை நனைத்ததும் நட்டால் மாரி முழுதும் ஈரம் கிடைக்கும்.

ஆட்டுக்கு எட்டாமல் ஓலையோ முள்ளோ கட்டுங்கள். சில கிழமையில் துளிர் வரும், ஆனால் துளிர் வந்ததென்றால் வேர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கொப்பில் சேர்ந்திருந்த உணவை வைத்தே அது முதலில் இலை விடும். பிடித்துவிட்டதா என்று அசைத்துப் பார்த்தால், அப்போதுதான் நீட்டும் பிஞ்சு வேர் அறுந்துபோகும். தை பிறக்கும்வரை கதியாலில் கை வைக்காதீர்கள்.