செட்டிநாட்டு வீடுகளில் கலைக்கண் பழகுவது எப்படி?

கேள்வி: காரைக்குடியில் வசிக்கிறேன். 18-55 மி.மீ. லென்ஸுடன் ஒரு மிரர்லெஸ் கேமரா வைத்திருக்கிறேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர் வீடுகளை நிறைய எடுத்தும், படங்கள் தெளிவாக இருக்கின்றனவே தவிர, சுற்றுலாக் கையேட்டுப் படங்களைத் தாண்டவில்லை. கலைக்கண் பிறவியிலேயே அமைய வேண்டுமா? அகலக் கோண லென்ஸ் வாங்கினால் பயன் இருக்குமா?

பதில்: கலைக்கண் பழக்கத்தால் வருவது. ரமண மகரிஷியின் இறுதி நாள்களில், 1950 ஏப்ரலில், திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்த பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன், ஒளிப்படத்தைத் தொழிலாகக் கொள்வதற்கு முன்பு ஆந்த்ரே லோட் என்ற ஓவியரிடம் முறையாக ஓவியம் பயின்றவர். பிற்காலத்திலும் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே பயன்படுத்தினார்.

உங்கள் ஊரில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பர்மாத் தேக்குத் தூணைக் கடைந்த தச்சரும், முகப்பில் சுதை வேலை செய்தவரும் தங்கள் கலையை ஏற்கெனவே முடித்துவிட்டார்கள். அவற்றின் முன் நின்று எடுக்கும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த அழகு அவர்களுடையது. ஒளி, கணம், எதை விலக்குவது என்ற முடிவு ஆகிய மூன்றுமே உங்கள் பங்கு. இவற்றில் ஒளியிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் கேமராவின் சென்சார் ஏபிஎஸ்-சி அளவாக (பழைய 35 மி.மீ. பிலிம் சட்டகத்தைவிடச் சிறியதாக) இருந்தால், லென்ஸை 35 மி.மீ.யில் நிறுத்துங்கள், அது ஏறக்குறைய பிலிம் கேமராவின் 50 மி.மீ. பார்வையைத் தரும். தெரிந்தவர் வீட்டு வளவு ஒன்றில் (திறந்த முற்றமும் அதைச் சுற்றிய தூண் தாழ்வாரமும்), அந்த வீட்டு ஆச்சியிடம் அனுமதி பெற்று, காலை முதல் நண்பகல் வரை இருங்கள். யாரையாவது திறந்த முற்றத்தின் நடுவில் நிற்கச் சொன்னால், ஒளி உச்சியிலிருந்து இறங்குவதால் கண்குழிகள் இருண்டுவிடும். அவரையே கூரைக்கு உள்ளே, தூண் வரிசையைத் தாண்டி அமர வைத்தால், அதே ஒளி பக்கவாட்டில் வந்து கன்னத்தையும் மூக்கையும் வடித்துக் காட்டும். இன்னும் உள்ளே, அறைக் கதவருகே போனால் முகத்தின் பாதி இருளில் கரையும். இந்த மூன்று இடங்களையும் கேமரா இல்லாமலேயே வேறுபடுத்திச் சொல்லும் அளவுக்குப் பார்த்துப் பழக வேண்டும்.

வெயில் சரிந்து சிவப்பு ஆத்தங்குடித் தரைக் கல்லில் விழும் நேரத்தில், எதிரிலுள்ள வெள்ளைச் சுவரின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். தரையின் சிவப்பு அதில் ஏறியிருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவரின் மோவாயின் கீழும் அது தெரியும். கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) இந்தச் சாயலைத் தணித்துவிடக்கூடும் என்பதால், அதை ‘பகல் ஒளி’க்கு மாற்றிக்கொள்ளுங்கள். முற்றத்தின் பிரகாசம் வெளிறிப் போகாமலிருக்க எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாகக், குறைப்பதும் பெரும்பாலும் உதவும்.

கணத்தைப் பழக ஆத்தங்குடியின் கல் பட்டறைகளைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, பிறகு அச்சை நேராக மேலே தூக்குகிறார்கள். அதுவரை தனித்தனியாக நின்ற நிறங்கள் அந்த நொடியில்தான் ஒன்றையொன்று தொடுகின்றன. அடுத்த கையளவு உலர்கலவை தூவப்பட்டதும் அது மறைந்துவிடும். சில கற்களை வெறுமனே பார்த்திருந்தால், தொழிலாளியின் தோள் அசைவே அச்சு எழும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லிவிடும். அதை எதிர்பார்த்துக் காத்திருப்பதுதான் பயிற்சி; தொடர்ச்சியாகச் சுட்டுத் தள்ளிவிட்டுப் பிறகு பொறுக்கினால் அது கைவராது.

விலக்குவதே கடினமானது. தலைவாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று கடைசிக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் தெரியும் காட்சியை எல்லாரும் எடுக்கிறார்கள். நீங்களும் எடுத்துவிட்டு நகருங்கள். நிறைந்த காட்சியிலும் ஒழுங்கு எப்படி அமைகிறது என்பதற்கு, புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் சமணக் குகைக் கோயிலின் தாமரைக் குள ஓவியத்தைப் போய்ப் பாருங்கள். மீன், பறவை, யானை, மலர் பறிப்போர் என அத்தனையும் நெருங்கியிருந்தும், ஒவ்வோர் உருவத்தைச் சுற்றியும் அதற்கான இடம் இருக்கிறது. அந்த இடைவெளியைத்தான் உங்கள் படங்களில் தேட வேண்டும்: தூணும் தலையும் ஒட்டுகின்றனவா, குடத்தின் விளிம்பு கதவுச் சட்டத்தில் இடிக்கிறதா என்று பொத்தானை அழுத்துமுன் பாருங்கள். அரை அடி நகர்ந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

தேர்ந்த படங்களை அச்சிட்டு, அடிக்கடி கண்ணில் படும் சுவரில் ஒட்டி வையுங்கள். ஒரு வாரத்தில் சலித்துப்போகும் படங்கள் தாமாகவே தெரிந்துவிடும்; ஏன் சலித்தது என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அகலக் கோண லென்ஸை இப்போது வாங்க வேண்டாம். அது சட்டகத்துக்குள் இன்னும் பல பொருள்களைக் கொண்டுவரும். உங்களுக்கோ குறைக்கத்தான் பயிற்சி தேவை. பின்னால் முழு முகப்பையோ பட்டாலை என்ற கூடத்தையோ எடுக்க வேண்டி வந்து வாங்கினால், கேமராவை அண்ணாந்து பிடிக்காதீர்கள். தூண்கள் உள்நோக்கிச் சாயும். மட்டமாகப் பிடித்து, தேவையற்ற தரையைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.