பிரசவத்துக்காக இப்போது மெடிக்கல் எய்டில் சேரலாமா?

கேள்வி: எனக்கு வயது 28. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். துணிக்கடையில் கேஷியர் வேலை, மாதம் 9,500 ராண்ட். கணவர் சொந்தப் பக்கி வண்டியில் (சின்ன சரக்கு வண்டி) சாமான் ஏற்றி இறக்குகிறார். ஒரு மாதம் போல் இன்னொரு மாதம் வருமானம் இருக்காது. எனக்கு இது தலைப்பிரசவம், 11 வாரம். கையில் 18,000 ராண்ட் சேமிப்பு இருக்கிறது. அரசு மருத்துவமனை வேண்டவே வேண்டாம் என்கிறார் மாமியார். ஒரு முகவர் மாதம் 2,600 ராண்டுக்கு மெடிக்கல் எய்டு (தனியார் மருத்துவக் காப்பீடு) திட்டம் சொல்கிறார். அதில் சேர்ந்த பிறகு தனியார் டாக்டரைப் பார்க்கலாம் என்று இன்னும் எங்கும் காட்டவில்லை. பற்றாததை மஷோனிசாவிடம் (கந்துவட்டிக்காரர்) வாங்கலாமா? விடுப்பில் சம்பளம் நின்றால் என்ன செய்வது?
– சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: தங்கச்சி, முதலில் வாழ்த்துகள். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது பணக்கணக்கு இல்லை, "இன்னும் எங்கும் காட்டவில்லை" என்ற வரிதான். அதனால் பணத்துக்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வாரமே உங்கள் பகுதி அரசு க்ளினிக்குக்குப் போய்ப் பெயர் பதிந்துகொள்ளுங்கள்.

இனி முகவர் விஷயம். நம் தென்னாப்பிரிக்காவின் மெடிக்கல் எய்டு சட்டம் 1998-இல் வந்தது. அதன்படி, புதிதாகச் சேருபவருக்கு மூன்று மாதம் வரை பொதுவான காத்திருப்பு வைக்கலாம். சேரும்போதே இருக்கும் உடல்நிலைக்குப் பன்னிரண்டு மாதம் வரை பணம் தராமல் இருக்கலாம். கர்ப்பமும் அப்படிப்பட்ட உடல்நிலையாகத்தான் கணக்கில் வரும். உங்களுக்குப் பிரசவம் இன்னும் ஆறரை மாதத்தில். அதற்குள் ஏழு தவணை, 18,200 ராண்ட். கையிலிருக்கும் சேமிப்பு முழுவதும் போய்விடும், இந்தப் பிரசவத்துக்கு ஒரு சென்ட்கூட வராது. சந்தேகமாக இருந்தால் முகவரிடம், "இந்தப் பிரசவச் செலவை ஏற்றுக்கொள்வீர்களா?" என்று கேட்டு எழுத்தில் வாங்கிப் பாருங்கள். எழுதித் தர மாட்டார்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது, அதை முகவர்கள் சொல்வதே இல்லை. 1994-இல் மண்டேலா அரசு வந்தவுடன் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவம் இலவசம் என்று அறிவித்தது. பின்னால் 2003-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்திலும் அது எழுதப்பட்டது. ஆனால் அந்தச் சட்டம் மெடிக்கல் எய்டில் இல்லாதவர்களுக்குத்தான் அந்த உரிமையைத் தருகிறது. இன்று நீங்கள் சேர்ந்தால் திட்டமும் பணம் தராது, அரசு மருத்துவமனையும் உங்களுக்கு பில் போடலாம். தவணை கட்டி இரண்டையும் இழப்பானேன்?

மாமியாரின் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வரிசை நீளம், உட்கார இடம் கிடைக்காது, சில நாள் முகம் கொடுத்துப் பேசக்கூட ஆள் இருக்காது. விடிகாலையில் போக வேண்டியிருக்கும். தண்ணீரும் இரண்டு ரொட்டியும் எடுத்துப் போங்கள். சனிக்கிழமை வேலைக்குப் பதிலாகக் கடையில் வார நாள் ஓய்வு கொடுத்தால் அந்த நாளையே க்ளினிக் நாளாகக் கேட்டு வாங்குங்கள், சம்பளம் பிடிக்க மாட்டார்கள். சிக்கலான கர்ப்பம் என்றால் க்ளினிக்கே ஆர். கே. கான் போன்ற மருத்துவமனைக்கு அனுப்பும். ஆனால் க்ளினிக் அட்டை கையில் இருந்தால்தான் அந்த வழி சுலபமாகத் திறக்கும். வலி எடுத்த பிறகு அட்டையில்லாமல் போய் நிற்பதுதான் எனக்குப் பயம்.

என் கதையையும் சொல்கிறேன். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது நானும் உங்களைப் போலத்தான் காத்திருந்தேன். புது வேலை, மெடிக்கல் எய்டு இதோ வரும் என்றார்கள். 26-ஆம் வாரம்தான் முதல்முறை க்ளினிக் வாசலை மிதித்தேன். அங்கிருந்த சிஸ்டர் என் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது. ரத்த அழுத்தம் 150/100, சிறுநீரில் புரதம். அன்றே படுக்கையில் போட்டார்கள். 34-ஆம் வாரத்தில் பிறந்த குழந்தை இரண்டு கிலோகூட இல்லை. அவள் இன்று கல்லூரியில் படிக்கிறாள், கடவுள் புண்ணியம். ஆனால் கர்ப்பகால ரத்த அழுத்தம் இந்த நாட்டில் தாய்மார் உயிரை எடுக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. அது வரும் வாய்ப்பு அதிகம் இருப்பவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பார்கள். அதை 16 வாரத்துக்கு முன்பே தொடங்கினால் பலன் அதிகம். நான் போனபோது அந்தக் காலம் கடந்துவிட்டது. உங்களுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. தேவையா இல்லையா என்று சிஸ்டர் சொல்லட்டும், நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நம் ஆட்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரையும் அதிகம் வருகிறது. வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். பிரசவம் வரை எட்டுத் தடவை போக வேண்டும். இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், கால்சியம் எல்லாம் அங்கேயே தருவார்கள். தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ அடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள். கைபேசியில் *134*550# அழுத்திப் பதிந்தால், கர்ப்பிணிகளுக்கான அரசுச் சேவையான மாம்கனெக்ட் வாரந்தோறும் செய்தி அனுப்பும், காசு கிடையாது. தமிழில் வராது, ஆங்கிலமோ ஸூலுவோ தேர்ந்தெடுக்கலாம்.

சரி, சம்பளம். சட்டப்படி உங்களுக்கு நான்கு மாத விடுப்பு உண்டு, தேதிக்கு நான்கு வாரம் முன்னிருந்தே எடுக்கலாம். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்க முடியாது. ஆனால் அந்த மாதங்களுக்கு முதலாளி சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதை யூஐஎஃப், அதாவது வேலையின்மைக் காப்பீட்டு நிதிதான் தரும். சம்பளத்தில் 66 சதவீதம், 17.32 வாரம். உங்கள் 9,500-க்கு மாதம் 6,270; மொத்தம் ஏறக்குறைய 25,000 ராண்ட். நான்கு மாதச் சம்பளம் 38,000. ஆக, துண்டு விழுவது 13,000. உங்கள் 18,000-இல் அது இப்போதே இருக்கிறது! அந்தப் பணத்தைத்தான் முகவர் கேட்கிறார்.

மிச்சம் 5,000 இருக்கிறது. விடுப்புக்குப் போகும் வரை மாதம் 1,500 ஒதுக்கினால் ஐந்து மாதத்தில் இன்னொரு 7,500 சேரும். இது ஏன் என்றால், யூஐஎஃப் பணம் முதல் முறை கைக்கு வர ஐந்து வாரம், எட்டு வாரம் ஆவதைப் பார்த்திருக்கிறேன். அந்த இடைவெளியில்தான் பெண்கள் மஷோனிசாவிடம் போகிறார்கள். மாதத்துக்கு நூற்றுக்கு முப்பது, ஐம்பது என்று வட்டி. பால் பவுடருக்கு வாங்கிய கடன், குழந்தை நடக்கும்போதும் தீராது. அந்தப் பேச்சே வேண்டாம். மாமியார் வளைகாப்புக்கு ஹால் பிடிக்கச் சொன்னால், வீட்டிலேயே ஐந்து வகைச் சாதம் செய்து, பத்துப் பேரைக் கூப்பிட்டு வளையல் அடுக்குங்கள். குறையொன்றும் வராது.

யூஐஎஃப் விண்ணப்பத்தைப் பிரசவத் தேதிக்கு எட்டு வாரம் முன்பே போடலாம். குழந்தை பிறக்கட்டும் என்று இருக்காதீர்கள். வேலையில் சேர்ந்து குறைந்தது 13 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். யூஐ-2.3 படிவம், வங்கிக் கணக்குக்கு யூஐ-2.8, முதலாளி தரும் யூஐ-19, டாக்டர் சான்று. இந்த யூஐ-19-இல்தான் பலருக்கு இழுபறி, அதனால் ஏழாம் மாதமே மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். விடுப்புத் தேதியையும் நான்கு வாரத்துக்கு முன் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரருக்கு ஒரு வேலை. 36-ஆம் வாரத்திலிருந்து பக்கியின் டேங்க் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது. அவர் தூரத்துக்கு லோடு போகும் நாளில் கார் வைத்திருக்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்னமே சொல்லி வையுங்கள். 10177 ஆம்புலன்ஸ் எண்ணைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

மெடிக்கல் எய்டு பிறகு வேண்டுமென்றால், நீங்கள் வேலைக்குத் திரும்பி, இரண்டு பேர் வருமானமும் நிலைத்த பிறகு குடும்பத்துக்கே சேர்த்துப் பார்ப்போம்.

இன்று இரவு ஒன்று செய்யுங்கள். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டை எடுத்து, கழிவுப் பகுதியில் யூஐஎஃப் என்று 95 ராண்ட் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இல்லையென்றால் எனக்கு உடனே எழுதுங்கள். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும், அதற்கு இப்போது நேரம் இருக்கிறது, எட்டாம் மாதத்தில் இருக்காது.