எழுதுகிறவர்களின் உடல்: மருத்துவர் பதில்கள்

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து எனக்கு வந்த கடிதங்களில், கதையும் கட்டுரையும் கோயில் மலருக்கு ஊர் வரலாறும் எழுதுகிற, மியன்மாரில் வாழும் நம்மவர்களின் வலிகளே மிகுதியாக இருந்தன. உடலை வருத்தி எழுதுவது தவம் என்று சிலர் பெருமையோடு குறிப்பிட்டிருந்தார்கள். அந்தப் பெருமையில் எனக்கு உடன்பாடில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் இடமில்லாததால் காலையில் இரண்டு மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஊரே அந்த முக்காலியில்தானே உட்கார்கிறது? (யாங்கோன்)

ஊர் உட்கார்ந்து டீ குடிக்கிறது. நீங்கள் உட்கார்ந்து எழுதுகிறீர்கள். முழ உயரம்கூட இல்லாத அந்தப் பிளாஸ்டிக் முக்காலியில் அமர்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே போய், இடுப்பெலும்பு பின்பக்கம் சாய்ந்து, கீழ்முதுகுக்கு இயல்பாக உள்ள உள்வளைவு காணாமல் போய்விடும். பேசிக்கொண்டிருப்பவர் தம்மை அறியாமலே அசைந்துகொண்டிருப்பார். எழுதுகிறவரோ ஒரு பத்தி முடியும்வரை சிலையாகிவிடுவார். மூன்று முக்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உட்காருங்கள், கடைக்காரர் தவறாக நினைக்கமாட்டார். நோட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்துக் குனியாமல், மடியில் பையை வைத்து அதன்மேல் அட்டையைச் சாய்த்து எழுதுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தெருமுனைவரை நடந்துவிட்டு வாருங்கள். காலில் வலுக் குறைந்தாலோ, தொடையிடுக்கு மரத்துச் சிறுநீர் தடைபட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பேனாவைப் பிடித்தால் மட்டும் விரல்கள் இறுகி மணிக்கட்டு உள்ளே வளைகிறது. சட்டைப் பொத்தான் போடவோ சாப்பிடவோ தடையில்லை. 'எல்லாம் மனப்பிரமை' என்று ஒரு மருத்துவர் அனுப்பிவிட்டார். வயது 58. (மோல்மேன்)

பிரமை அன்று. ரைட்டர்ஸ் கிராம்ப் எனப்படும் இது, குறிப்பிட்ட ஒரு செயலுக்கு மட்டும் மூளை தசைகளுக்குத் தவறான கட்டளை அனுப்புகிற கோளாறு. எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் கைத்துன்பத்தைப் பற்றி இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸினி 1713-லேயே எழுதியிருக்கிறார். ஓயாத உட்கார்வு, கையின் ஒரே அசைவு, பிழை வரக்கூடாதே என்ற மனஇறுக்கம் ஆகிய மூன்றையும் அவர் காரணமாகச் சொன்னார். என்னிடம் வந்த கணக்கர் ஒருவர் மேசையில் ஆட்காட்டி விரலால் 'அ' எழுதிக் காட்டினார். சுழியும் கோடும் அழகாக வந்தன. அதே கையில் பேனாவைக் கொடுத்ததும் கட்டைவிரல் மடங்கி, முழங்கை மேசையைவிட்டு மேலெழும்பி, முனை தாளைக் கிழித்தது. வலுக்கட்டாயமாக எழுதிப் பழகினால் சரியாகும் என்பது தவறான எண்ணம். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், நடுக்குவாதம் போன்றவை இல்லை என்று உறுதிசெய்துகொள்வதும் அவசியம். முன்கைத் தசையில் போடும், இறுக்கத்தைத் தளர்த்தும் பாட்டுலினம் ஊசி பலருக்கு ஏறத்தாழ மூன்று மாதம் பயன் தரும், ஆனால் விரல்கள் சற்றுத் தளரக்கூடும். அதற்கிடையில் பருமனான பேனாவும் தட்டச்சும் கைகொடுக்கும்.

இரவில் வலக்கை மரத்து விழிப்பு வருகிறது. உதறினால் சரியாகிறது. (பெகு)

எந்த விரல் என்று நீங்கள் எழுதவில்லை, எனக்குத் தேவையானது அதுதான். கட்டைவிரலிலிருந்து மோதிரவிரலின் பாதிவரை மரத்து, சுண்டுவிரல் தப்பியிருந்தால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று பொருள். மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு தூங்குங்கள், சர்க்கரையையும் தைராய்டையும் சோதித்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரலே மரத்தால் நரம்பு முழங்கையில் அழுந்துகிறது. மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி எழுதுவதை விடுங்கள்.

மின்வெட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். பார்வை போய்விடும் என்று மனைவி பயப்படுகிறார். ஜெனரேட்டர் வாங்கலாமா? (யாங்கோன்)

மங்கல் வெளிச்சம் கண்ணைக் களைப்படையச் செய்யும், தலைவலி தரும். பார்வையைப் பறிக்காது என்று மனைவியிடம் சொல்லுங்கள். அவர் பயப்பட வேண்டியது மெழுகுவத்தியின் நெருப்புக்கும், தாள்குவியலுக்குப் பக்கத்தில் நீங்கள் தூங்கிவிழுவதற்கும்தான். மின்னேற்றி வைக்கும் எல்இடி விளக்கு ஒன்று போதும். ஜெனரேட்டரைப் பற்றிக் கேட்டது நல்லதாயிற்று. மழைக்குப் பயந்து அதை அடுக்களையிலோ அடைத்த பால்கனியிலோ வைத்து ஓட்டுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று அது காட்டும் குறிகளைக் கண்விழித்து எழுதிய களைப்பு என்றே எழுதுகிறவர் நினைத்துக்கொள்வார். சன்னலைத் திறந்துவைப்பது போதாது. வீட்டுக்கு வெளியே, சன்னல்களிலிருந்து தள்ளி வைக்க இடமில்லையென்றால் வாங்காதீர்கள்.

குன்யா (வெற்றிலைப் பாக்கு மடிப்பு) வாயில் இருந்தால்தான் எனக்கு வரி ஓடும். புகையிலை சேர்ப்பதில்லை. (தாட்டோன்)

புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. வாய் போதிய அளவு திறக்கிறதா என்று அறிய, மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லையென்றால் இந்த வாரமே பல் மருத்துவரிடம் போங்கள்.

1964-இல் கப்பலேறி இந்தியாவுக்குப் போன உறவினர்கள் எழுதிய கடிதங்களை வைத்துக் குடும்ப வரலாறு எழுதுகிறேன். பெட்டியைத் திறந்தால் தும்மலும் இழுப்பும் வருகின்றன. பூச்சிக்காகப் பாச்சை உருண்டை போட்டிருக்கிறேன். மருமகளும் ஒரு மாதப் பேரனும் அதே அறையில் இருக்கிறார்கள். (யாங்கோன்)

தும்மலுக்குக் காரணம் மழை ஈரத்தில் தாளில் படர்ந்த பூஞ்சை. மழையில்லாத நாளில், என்95 முகமூடி அணிந்து, கூரைக்கடியில் காற்றோட்டமான நிழலில் ஒவ்வொரு தாளாக விரித்து மென்தூரிகையால் தட்டுங்கள். ஆனால் உங்களைவிடப் பேரனைப் பற்றியே எனக்குக் கவலை. ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களுக்கு பாச்சை உருண்டையிலுள்ள நாப்தலீனின் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும். மலேரியா நெடுங்காலம் நிலவிய இந்நாட்டில் அந்தக் குறைபாடு அரிதன்று. பெட்டியை இன்றைக்கே அந்த அறையிலிருந்து அப்புறப்படுத்துங்கள், அதோடு கிடந்த குழந்தைத் துணிகளையும் துவைத்து வெயிலில் போடுங்கள். பேரனின் கண்வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பெட்டியில் உருண்டை போட்டிருந்ததையும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.