சர்வோ அசைந்தால் ஆர்டுயினோ ஏன் ரீசெட் ஆகிறது?

கேள்வி: நான்கு சிறிய சர்வோக்களை (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்கள்) வைத்து ரோபோ கை செய்திருக்கிறேன். இரண்டு லித்தியம் செல்களைத் தொடராக இணைத்து, ஒரே 7805 ஐசியிலிருந்து ஆர்டுயினோ ஊனோ என்ற கன்ட்ரோல் போர்டுக்கும் சர்வோக்களுக்கும் 5 வோல்ட் கொடுக்கிறேன். எல்லா சர்வோக்களும் சேர்ந்து அசைந்தால் போர்டு ரீசெட் ஆகிறது. ஐசி தொட முடியாதபடி சுடுகிறது. பெரிய ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) போட்டால் சரியாகுமா?

பதில்: சூடு குறையும், ரீசெட் நிற்காது.

7805 மிச்ச வோல்ட்டேஜை வெப்பமாக்கித்தான் 5 வோல்ட் தருகிறது. முழு சார்ஜில் உங்கள் பேட்டரி 8.4 வோல்ட். 1 ஆம்பியர் இழுத்தால் 3.4 வாட் அந்தச் சின்ன ஐசிக்குள்ளேயே வெப்பமாகிறது. ஹீட் சிங்க் இல்லாவிட்டால் வாட்டுக்குச் சுமார் 60 டிகிரி ஏறும். 200 டிகிரியைத் தொடுமுன் ஐசி தானே அணைந்துவிடும்.

ஆனால் ரீசெட்டுக்கு முதல் காரணம் கரண்ட் பற்றாக்குறை. இந்த அளவு சர்வோ கிளம்பும்போதும், எதிலாவது முட்டி நிற்கும்போதும் 700 மில்லியாம்பியர் வரை இழுக்கும். நான்கும் சேர்ந்தால் 3 ஆம்பியரை நெருங்கும். 7805 தாங்குவது ஒன்று, ஒன்றரை ஆம்பியர்தான். அந்தக் கணத்தில் 5 வோல்ட் சரிகிறது; 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஊனோ ரீசெட் ஆகும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. இந்தச் சரிவு சில மில்லி விநாடிகளே நீடிப்பதால் மல்டிமீட்டரில் தெரியாது. பலர் மீட்டரை நம்பி, நாள் கணக்கில் புரோகிராமில் தவறு தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சர்வோக்களுக்குத் தனியாக 5 ஆம்பியர் பக் கன்வெர்ட்டர் (மிச்ச வோல்ட்டேஜை வெப்பமாக வீணாக்காமல் குறைத்துத் தரும் சர்க்யூட்) வாங்குங்கள். இணைக்கும் முன் அதன் வெளியீட்டை மீட்டர் வைத்து 5 வோல்ட்டுக்குத் திருகிக்கொள்ளுங்கள். 3 ஆம்பியர் இழுத்தாலும் பேட்டரியிலிருந்து இரண்டரை ஆம்பியருக்குள்தான் போகும். 7805-ஐத் தூக்கிப் போட வேண்டாம். ஊனோவுக்கு மட்டும் விடுங்கள். ஊனோ தனியாக இழுப்பது 50 மில்லியாம்பியர் அளவுதான். ஹீட் சிங்க்கே தேவைப்படாது.

இரண்டு சப்ளைகளின் கிரவுண்டும் பேட்டரியின் மைனஸில் சேர வேண்டும். இல்லாவிட்டால் சிக்னல் புரியாமல் சர்வோ துடிக்கும். சர்வோ கரண்ட்டை பிரெட்போர்டு (சாலிடர் இல்லாமல் வயர்களைச் செருகும் பலகை) வழியாக அனுப்பாதீர்கள், அதன் மெல்லிய பட்டைகளிலேயே வோல்ட்டேஜ் விழும். சர்வோக்களுக்கு அருகில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி, திடீர்த் தேவைக்குக் கொடுப்பது) ஒன்று, பிளஸ் மைனஸ் பார்த்து.

பேட்டரியின் பிளஸை ஒட்டி 5 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம் வையுங்கள். ஷார்ட் ஆன லித்தியம் செல் தீப்பிடிக்கும்.