தீப்பெட்டி அளவில் ஒரு நீச்சல்காரன்

அன்புள்ள ஐயா,

பாடகர் எல்டன் ஜான் சேர்த்த புகைப்படங்களை லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் பார்த்ததாகப் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். எல்லாப் படமும் போனிலேயே கிடைக்கிறதே, காசு கொடுத்துப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? ஒரு பணக்காரரின் ரசனைக்கு அருங்காட்சியகம் ஏன் சுவர் தர வேண்டும்?

வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

டிக்கெட் வாங்கும்போது நானும் அப்படித்தான் முணுமுணுத்தேன். 2016 நவம்பரில் தொடங்கி அடுத்த மே வரை நடந்த கண்காட்சி அது.

புகைப்படக் கலைஞர் ஆந்த்ரே கெர்டெஸ் 1917இல் ஹங்கேரியில் எடுத்த நீச்சல்காரன் படத்தைப் புத்தகங்களில் பக்கம் முழுக்கப் பார்த்துப் பழகியிருந்தேன். சுவரில் இருந்ததோ ஏறக்குறைய தீப்பெட்டி அளவு! நெகட்டிவைத் தாளின் மேலேயே வைத்து எடுத்த பிரதி. அதனால் நெகட்டிவ் என்ன அளவோ படமும் அதே அளவு. போரில் காயம்பட்டு எஸ்டர்கோமில் உடம்பு தேறிக்கொண்டிருந்த கெர்டெஸ், குளத்தில் நீந்துகிறவனை மேலிருந்து எடுத்தார். மூக்கு கண்ணாடியில் இடிக்கிற மாதிரி குனிந்தால்தான் முதுகில் நெளியும் வெயில் கோடுகள் தெரிகின்றன. தலையைத் தண்ணீர் கலைத்துவிட்டது. எனக்குப் பின்னால் நின்றவர் இரண்டு முறை செருமினார். போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்கிவிடுகிறோம், கெர்டெஸ் எந்த அளவில் பிரதி எடுத்தார் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

சரி, பணக்காரர் விஷயம். எல்டன் ஜான் 1990இல் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றார். அடுத்த ஆண்டு படங்கள் வாங்கத் தொடங்கினார். 1993இல் புகைப்படக் கலைஞர் மான் ரேயின் ‘கண்ணாடிக் கண்ணீர்’ படத்துக்கு அவர் கொடுத்தது 1,22,500 பவுண்டு. படத்தில் ஒரு பெண்ணின் முகம்; கன்னத்தில் இருப்பவை கண்ணாடி மணிகள், அழுகையே பொய். பிற்பாடு மஸ்காரா விளம்பரத்துக்கும் போன படம். பல படங்களை எல்டன் ஜான் வீட்டுப் பகட்டான பிரேம்களோடேயே மாட்டியிருந்தார்கள். எனக்குக் கல்யாண மண்டபம்தான் ஞாபகம் வந்தது.

உண்மையில் உறுத்தியது டாரத்தியா லாங் 1936இல் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’. கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில், பசியோடு பிள்ளைகளை அணைத்தபடி இருந்தவர் அந்தப் பெண். படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று பின்னாளில் அவர் வருத்தப்பட்டார். இந்த இடத்தில் உங்கள் பக்கம்தான் நான்.

ஆனால் டேட் புகைப்படத்துக்கென்று முதல் கியூரேட்டரை (சேகரிப்பையும் கண்காட்சிகளையும் கவனிப்பவர்) நியமித்ததே 2009இல்தான். அதற்குள் படம் எடுத்த காலத்திலேயே போட்ட பிரதிகளில் நல்லவை பலவும் தனியார் கைக்குப் போய்விட்டன. இரவல் வாங்காமல் வேறென்ன செய்வார்கள்?

2024இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் எல்டன் ஜானின் சேகரிப்பை வைத்தார்கள். நான் போகவில்லை. போனவர்கள் எழுதி அனுப்பினால் இங்கே போடுகிறேன்.