கை தூக்கலாமா?

வணக்கம் ஐயா,

நான் வானியற்பியல் ஆய்வு மாணவி. நாங்கள் தினமும் புழங்கும் ஒரு திறமூல (யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய) பைத்தான் நிரல்மொழித் தொகுப்புக்கு மூன்று வருடமாக நிரல் திருத்தங்கள் அனுப்புகிறேன். நாற்பது வரை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அதன் வழிநடத்தும் குழுவுக்கு ஆள் தேடுகிறார்கள், நாமே பெயர் கொடுக்கலாமாம். ஆசைதான். ஆனால் நாமே போய் ‘என்னைப் போடுங்கள்’ என்று நிற்பது ஒரு மாதிரி இருக்காதா? “முதல்ல தீசிஸை முடி” என்கிறார் அப்பா.

க., கோவை

அன்புள்ள க.,

அப்பா சொல்வது பாதி சரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கேட்க வெட்கமே வேண்டாம். பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசம், := என்ற குட்டிக் குறியீட்டை மொழியில் சேர்ப்பது பற்றிய சண்டையில் அலுத்துப்போய் 2018 ஜூலையில் தலைமையை விட்டார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஐந்து பேர் குழுவுக்குத் தேர்தல். அவரும் நின்றார், ஓட்டு வாங்கித்தான் உள்ளே வந்தார். மொழியைப் பெற்றவருக்கே இல்லாத கூச்சம் உங்களுக்கு எதற்கு?

சம்பளம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எண் கணக்குகளுக்கான பைத்தான் தொகுப்பு நம்பை; அதன் 1.0 பதிப்பு வந்தது 2006-இல். அதன் வளர்ச்சிக்கென்று முதல் பெரிய நிதி கிடைத்தது 2017-இல்.

வேலை என்னவென்றால், பெரும்பாலும் அடுத்தவர் நிரலைப் படிப்பது, ‘இது வேண்டாம்’ என்பதை மனம் நோகாமல் சொல்வது. இதில் நான் தோற்றவன். ஒரு சின்னக் கருவியைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேதியைத் தப்பாகப் படிக்கும் ஒரு வரியைத் திருத்தி ஒரு பையன் அனுப்பினான். ஒரே வரி! ‘ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்’ என்று ஐந்து மாதம் போட்டுவைத்தேன். பிறகு சேர்த்துவிட்டு நன்றி எழுதினேன். பதில் வரவில்லை, பையனும் திரும்பி வரவில்லை.

வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைப் பார்க்க மேட்பிளாட்லிப் என்ற வரைபடம் போடும் பைத்தான் தொகுப்பை எழுதத் தொடங்கிய ஜான் ஹன்டர் 2012 ஆகஸ்டில் இறந்தார், வயது 44. நவம்பரிலேயே 1.2 பதிப்பு வெளிவந்தது. சாவி ஏற்கெனவே வேறு சில கைகளிலும் இருந்தது. என் கருவிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆகவே விண்ணப்பத்தில் அந்த நாற்பதைப் பெரிதாக எழுதாதீர்கள், அது அவர்களுக்கே தெரியும். அடுத்தவர் அனுப்பிய எத்தனை திருத்தங்களைப் படித்துக் கருத்துச் சொன்னீர்கள்? அதை எழுதுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் இந்த முறை நிற்க வேண்டாம். உங்களுக்குப் பழகிய ஒரு பகுதியை மட்டும், கோப்பு படிக்கும் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்களேன், ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கேளுங்கள். பெரும்பாலும் உடனே கொடுத்துவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லுமளவு அங்கே ஆளில்லை.

இனி அப்பா. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும் என்று விண்ணப்பத்திலேயே எண்ணாகப் போடுங்கள், நான்கு என்றால் நான்கு. தீசிஸ் கொடுக்கும் மாதத்தையும் எழுதி, அதையொட்டிய மூன்று மாதம் நான் இருக்க மாட்டேன் என்று சேர்த்துவிடுங்கள். அனுப்புவதற்கு முன் அப்பாவிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.