சினை நாய் சோற்றைத் தொடவில்லை, கால்சியம் ஊற்றலாமா?

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் ஆட்டுக்கிடை வைத்திருக்கிறேன். காவலுக்கு நிற்கும் கன்னி இன நாய்க்கு இது முதல் சினை. இணை சேர்த்து 61 நாள் ஆகிறது. நேற்று இரவிலிருந்து சோற்றைத் தொடவில்லை. தொழுவத்து மூலையில் மண்ணைப் பறித்துக்கொண்டே இருக்கிறது. பசுவுக்கு வாங்கிய கால்சியம் மருந்து வீட்டில் கிடக்கிறது. அதைக் கொஞ்சம் ஊற்றலாமா? குட்டி போட்ட பிறகு என்ன தீனி வைப்பது?

பதில்: அந்தக் கேனை மூடி வையுங்கள். நீங்கள் சொல்வது நோய் மாதிரித் தெரியவில்லை, ஈனும் நேரம் நெருங்கிவிட்டது.

நாயின் சினைக்காலம் 63 நாள், சில நாள் முன்பின் ஆகும். ஈனுவதற்கு முந்தைய நாள் பெரும்பாலான நாய்கள் தீனியை விட்டுவிடும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வழக்கமாக 101, 102 டிகிரி பாரன்ஹீட் இருக்கும் சூடு 99க்குக் கீழே இறங்கியிருந்தால் ஒரு நாளுக்குள் குட்டி வரும். வற்புறுத்தி ஊட்டாதீர்கள், வலி எடுக்கும்போது கக்கிவிடும். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில் குளுக்கோஸ் தண்ணீரோ, உப்பும் மசாலாவும் போடாமல் கோழி வேகவைத்த தண்ணீரோ நாலு மடக்கு நக்கினால் போதும். நஞ்சுக்கொடியைத் தின்னும். ஒன்றிரண்டு தின்றால் பரவாயில்லை, எல்லாவற்றையும் தின்றால் பேதியாகும், மிச்சத்தை எடுத்துவிடுங்கள். அரை மணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வரவில்லை, அல்லது உள்ளே குட்டி இருந்தும் இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது என்றால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

இனி கால்சியம். பசுவுக்குக் கால்சியம் குறைந்து வரும் பால் காய்ச்சல் பெரும்பாலும் கன்று ஈன்ற மூன்று நாளுக்குள் வரும். நாய்க்கு அதே குறை பால் உச்சத்தில் சுரக்கும் இரண்டாவது வாரத்திலிருந்து நாலாவது வாரத்துக்குள்தான் அதிகம் வருகிறது. சினையில் கால்சியத்தை ஊற்றிக்கொண்டே இருந்தால், எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்து இரத்தத்துக்குத் தரும் சுரப்பி சோம்பிவிடும். குட்டிகள் பாலை உறிஞ்சும்போது அதால் ஈடுகொடுக்க முடியாது. காரணமில்லாத மூச்சிரைப்பு, இருப்புக்கொள்ளாமை, விறைத்த நடை, நடுக்கம், கடைசியில் இழுப்பு என்று வரிசையாக வரும். அப்போது வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மருத்துவர் நரம்பில் மெதுவாக ஏற்றும் கால்சியம்தான் உயிரைக் காக்கும்.

குட்டி போட்ட முதல் நாள் குழைந்த சோறும் கோழியுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். பிறகு கையை இறுக்க வேண்டாம். ஐந்தாறு குட்டி இருந்தால் மூன்றாவது வாரத்தில் சினைக்கு முன் தின்றதைப்போல மூன்று மடங்கு கேட்கும்; நாலு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். வெறும் சோறும் குழம்பும் வயிற்றை ரொப்பும், பாலாகாது. கோழி, முள் நீக்கிய மீன், அவித்த முட்டை, கொஞ்சம் ஈரல், கேழ்வரகுக் கூழ் என்று கலந்து வையுங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு, ஆனால் அது மட்டும் போதாது. கறியில் இந்தச் சத்து மிகக் குறைவு. ஆகவே முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மாவாகப் பொடித்து, ஈன்ற பிறகு காலையும் மாலையும் அரைத் தேக்கரண்டி சேருங்கள். வசதியிருந்தால் குட்டிகளுக்கென்று விற்கும் உலர்தீவனத்தையே தாய்க்கும் போடலாம்; அப்போது ஓட்டுப் பொடி தேவையில்லை.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று பூண்டு கொடுப்போமே, அதே பாசத்தில் நாய்க்கும் பூண்டுச் சோறு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பிரியாணி மிச்சமும் இந்தக் கணக்குதான். வேகவைத்த எலும்பு சிம்புசிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பதும் கூடாது. அது குடிக்கும் தண்ணீர்தான் பாலாகிறது, சட்டி எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

மூன்றரை வாரத்தில் குட்டிகள் தாயின் தட்டில் வாய் வைக்கத் தொடங்கும். அவற்றுக்குக் குழையப் பிசைந்து தனியாக வையுங்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து தாயின் தீனியைப் படிப்படியாகக் குறைத்தால் பால் தானாக வற்றும். மடி கல்லாகிச் சுட்டால் மடிநோய் என்று சந்தேகப்பட்டுக் காட்டிவிடுங்கள். பால் வற்றும்வரை ராக்காவலுக்கு வேறு நாயைப் பாருங்கள். கிடையின் சத்தம் கேட்டால் இது குட்டியை விட்டு எழுந்து ஓடும், அதனால் தொழுவத்துக் கதவைச் சாத்தி வையுங்கள்.